பாக்கி: காவிரிக்கரைத் தறிகளும் ஒரு சீனக் கண்ணாடியும்

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் பள்ளிபாளையம். பவானியிலிருந்து கடந்தால் குமாரபாளையம். ஆற்றின் மேற்குக் கரை ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்குக் கரை 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் மாவட்டம். அதற்கு முன்புவரை பழைய சேலம் மாவட்டம். பாலத்தை விட்டுப் பேருந்து ஊருக்குள் திரும்பும்போதே, கண்ணுக்கு முன்பாகக் காது ஊரை அறிந்துவிடும். ஓட்டு வீடுகளுக்கும் கூரைத் தகடு போட்ட பட்டறைகளுக்கும் உள்ளேயிருந்து விசைத்தறிகளின் ஓசை இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். வெளியூர்க்காரருக்கு அது இரைச்சல். உள்ளூர்க்காரருக்கோ அந்த ஓசை நின்றால்தான் தூக்கம் கலையும். மின்சாரம் போய்விட்டது, கூலியும் போய்விட்டது என்று அதற்குப் பொருள்.

இந்த ஊர்களில் ஒரு சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. அது ‘பாக்கி’. அரபியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல். மிச்சம், நிலுவை என்று பொருள் கொள்கிறோம். மளிகைக் கடையில் பாக்கி என்றால் நாம் கொடுக்க வேண்டியது. சில்லறை பாக்கி என்றால் நமக்கு வரவேண்டியது. தறிப்பட்டறையில் பாக்கி என்பது, வேலைக்குச் சேரும்போது தறி முதலாளியிடமிருந்து தொழிலாளி வாங்கிக்கொள்ளும் முன்பணம். வட்டி பெரும்பாலும் கிடையாது. வாரக் கூலியில் அதைக் கழித்துக்கொள்வதும் வழக்கமில்லை. வேலையில் இருக்கும்வரை அது அவர் பேரில் நிற்கும். கல்யாணம், பிரசவம், இழவு, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக வரும்போது அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஏறும். வேறு பட்டறைக்குப் போக விரும்பினால் புதிய முதலாளி பழைய பாக்கியை அடைத்து அவரை அழைத்துக்கொள்வார். கடன் தீர்வதில்லை, முகவரிதான் மாறுகிறது.

இது கொத்தடிமைத்தனமா, அல்லது தொழிலாளி தன் உழைப்பின் அருமையை அறிந்து முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் விலையா? சட்டப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு விடை கிடைக்கும். பட்டறை முதலாளியைக் கேட்டால், கட்டுண்டிருப்பவன் நான்தான் என்பார். தொழிலாளி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடும். இந்தக் கேள்விக்கு வயது இருநூறுக்கும் மேல். அதன் தடத்தைப் பின்தொடர்ந்து பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். வழியில் சற்றே கடல் கடந்து சீனத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. தூரத்துக் கண்ணாடியில்தான் சில சமயம் நம் முகத்தின் மறுபக்கம் தெரிகிறது.

*

முன்பணம் என்பது நெசவுக்குப் புதிதன்று. நெசவாளர் நூல் வாங்க வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், துணி முடியும்வரை குடும்பம் சாப்பிட வேண்டும். ஆகவே வணிகர் முன்பணம் கொடுப்பதும் நெசவாளர் பின்னர் துணி கொடுப்பதும் பழைய ஏற்பாடு. இதை நாம் வழக்கமாக நெசவாளரின் ஏழ்மைக்குச் சான்றாகவே படித்துவந்திருக்கிறோம்.

வரலாற்றாய்வாளர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றிய நூல் இந்தப் பார்வையைத் தலைகீழாக்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி வேரூன்றுவதற்கு முன்பு, முன்பணம் நெசவாளரின் பலமாகவும் இருந்தது என்பது அவர் வாதம். ஒரு வணிகரிடம் முன்பணம் வாங்கிய நெசவாளர், வேறொருவர் கூடுதல் விலை தந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடிந்தது. வணிகருக்கு அந்த வசதி இல்லை. பணத்தைத் திருப்பித் தா என்று கேட்டு அவரால் ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது. சந்தை விழுந்தால் நட்டம் வணிகர் தலையில். நெசவாளர் வாங்கிய பணம் பல நேரங்களில் வராக்கடன். கெடுபிடி அதிகமானால் நெசவாளர்கள் தறியைக் கழற்றிக்கொண்டு அடுத்த பாளையத்துக்குப் போய்விடுவார்கள். அங்குள்ள ஆட்சியாளரும் அவர்களை வரவேற்பார். தறி வந்தால் வரியும் வரும் அல்லவா?

இந்தச் சித்திரத்தை முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. பஞ்ச காலங்களில் நெசவாளர் பட்ட பாடு எல்லாக் காலத்துக்கும் பொதுவானது. ஆனால் அவர் சுட்டும் நுட்பம் முக்கியமானது. முன்பணம் சங்கிலியா சலுகையா என்பதைப் பணம் தீர்மானிப்பதில்லை. திருப்பிக் கொடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

கம்பெனி இவ்விரண்டையும் அடைத்தது. 1792இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அவர்களோடு துணி கொள்முதலுக்கான கம்பெனி வணிக அதிகாரியும் சேலத்துக்கு வந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வரி வாங்கும் அரசும் துணி வாங்கும் வணிகரும் ஒரே ஆள் ஆகிவிட்ட நிலை அது. கம்பெனியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளர் அந்தத் துணியை முடித்துத் தரும்வரை வேறெவருக்கும் நெய்யக் கூடாது. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்பது ஏற்கப்படவில்லை. அடுத்த பாளையம் என்றும் ஒன்று இல்லை. எல்லாம் ஒரே கொடியின் கீழ் வந்துவிட்டன.

1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கம்பெனியின் வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் அது விட்டுச்சென்ற எண்ணம் சட்டமாகத் திரும்பி வந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம், முன்பணம் வாங்கிய கைவினைஞரோ தொழிலாளியோ வேலையை முடிக்காமல் விலகினால் அதைக் குற்றமாக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையைச் செய் என்று நீதிபதி உத்தரவிடலாம், மீறினால் சிறை. கொடுக்கல் வாங்கல் தகராறு உரிமையியல் வழக்கிலிருந்து குற்றவியல் வழக்காக மாறியது. முன்பணம் கொடுத்தவர் வாக்குத் தவறினால் அவருக்குச் சிறை உண்டா என்றால், இல்லை. இந்தச் சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், ஓடிப்போன தொழிலாளி குற்றவாளி என்பது இந்த நாட்டின் சட்டம்.

இதன் நடுவே 1876-78 தாது வருடப் பஞ்சம் வந்தது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. பஞ்சத்தில் முதலில் நிற்பது துணி வாங்குவது. உழவருக்கு விதைநெல்லாவது மிஞ்சக்கூடும். நெசவாளருக்குத் தறியைத் தவிர வேறொன்றும் இல்லை. பிழைத்தவர்களின் நினைவில் அந்தப் பஞ்சம் ஒரு பாடமாகத் தங்கியிருக்க வேண்டும்: நல்ல நாளிலேயே யாரிடமாவது கணக்கு வைத்திருப்பது நல்லது.

*

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு சோதனை நடந்தது. தமிழகத் தொழில் வரலாற்றில் உரிய இடம் பெறாத சோதனை அது. சென்னை மாகாண அரசில் தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பேற்றிருந்த ஆல்ஃபிரெட் சாட்டர்டன், அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடலையும் இங்கே ஊன்றச் செய்தவர். கைத்தறியைக் காப்பாற்ற வழி உண்டா என்று அவர் யோசித்தார். கையால் நாடாவை எறியும் பழைய தறிக்குப் பதிலாக, கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறியைப் பொருத்தி, நெசவாளர்களை ஒரே கூரையின் கீழ் கூலிக்கு அமர்த்தினால் என்ன? 1906இல் சேலத்தில் அரசு நெசவுக்கூடம் தொடங்கப்பட்டது.

தறி வென்றது. கூடம் தோற்றது. நெசவாளர்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை. கூடத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட மறுத்து, வீட்டிலிருந்தே நெய்ய விரும்புகிறார்கள் என்று சாட்டர்டன் குறைப்பட்டுக்கொண்டார். அரசு வணிகத்தில் இறங்கக் கூடாது என்று ஆங்கில முதலாளிகள் எதிர்த்தனர். இந்திய அமைச்சராக இருந்த மார்லி பிரபுவின் ஆணையால் 1910இல் கூடம் மூடப்பட்டது.

நெசவாளர்களின் சோம்பலுக்குச் சான்றாக இதைப் படிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுத் தறியைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே நெய்பவர் ஒருவர் மட்டும் உழைப்பதில்லை. மனைவி தார் சுற்றுவார், பெரியவர்கள் நூல் பிரிப்பார்கள், பாவு ஓட்டும்போது தெருவே கூடும். கூடத்துக்குள் அழைக்கப்பட்டவர் நெசவாளர் மட்டுமே; குடும்பத்தின் உழைப்பு வாசலிலேயே நிறுத்தப்பட்டது. அவருக்குக் கிடைக்கும் கூலி அந்த இழப்பை ஈடுகட்டியாக வேண்டும். அதற்கும் மேலாக, எப்போது எழுவது, எப்போது நிறுத்துவது, எந்தத் திருவிழாவுக்குத் தறியை ஓய்வாக விடுவது என்பதெல்லாம் தன் கையில் இருந்தது. அதை விற்க அவர் தயாராக இல்லை. பின்னர், எவரும் வற்புறுத்தாமலேயே அந்தப் புதிய தறி வீடு வீடாகப் பரவியது. கருவியை எடுத்துக்கொண்டார்கள், மேற்பார்வையாளரை விட்டுவிட்டார்கள்.

இதே மண்ணில், திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில், 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். வறண்ட கிராமங்களில் நூற்பவருக்கும் நெய்பவருக்கும் வீட்டிலேயே கூலி கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சாட்டர்டனும் ராஜாஜியும் எதிரெதிர் திசையில் நின்றவர்கள். வீட்டையும் தறியையும் பிரிப்பது எளிதல்ல என்பதை மட்டும் இருவருடைய அனுபவமும் சொல்லியது.

*

பிரித்தது மின்சாரம். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. 1937இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. ஆற்றோர ஊர்களுக்குக் கம்பிகள் வந்தன. விடுதலைக்குப் பிறகு கைத்தறிக்கும் ஆலைக்கும் நடந்த வழக்கில் விசைத்தறி இடையில் நுழைந்தது. முதலமைச்சராக இருந்த ராஜாஜி வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று 1950களின் தொடக்கத்தில் வாதாடினார். 1954இல் கனுங்கோ குழுவோ, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றலாம் என்று பரிந்துரைத்தது. ஆலைகளின் மீது கட்டுப்பாடும் வரியும் ஏற ஏற, அந்தச் சுமைகள் இல்லாத சிறு பட்டறைகளுக்குச் சந்தை திறந்தது. 1982இல் தொடங்கிய பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நாடு முழுவதும் விசைத்தறிக்குக் கூடுதல் இடம் ஏற்படுத்தித் தந்தது. 1985இல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. ஆனால் அதே ஆண்டின் ஜவுளிக் கொள்கை விசைத்தறியைச் சம போட்டியாளராக ஏற்றுக்கொண்டது.

குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தேவாங்கரும் செங்குந்தரும் கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு நகர்ந்தார்கள். கொங்கு வேளாளர் நிலத்தில் வந்த பணத்தைத் தறியில் போட்டார்கள். லுங்கியும் கைக்குட்டையும் சட்டைத்துணியும் இங்கிருந்து வெளியூர்களுக்குப் போயின. வேலைக்கு ஆட்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். சாட்டர்டனால் முடியாததைப் பட்டறைகள் சாதித்துவிட்டன. நெய்பவர் வீட்டைவிட்டு வெளியே வந்து, முதலாளியின் கூரையின் கீழ் நாலோ ஆறோ தறிகளை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டு, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்கத் தொடங்கினார்.

அவரை அந்தக் கூரையின் கீழ் நிறுத்திவைத்தது எது என்பதே கேள்வி. தறிகள் வேகமாகப் பெருகிய காலத்தில் தேர்ந்த ஆட்களுக்குத் தட்டுப்பாடு. ஒரு பட்டறையில் பழகியவரை அடுத்த பட்டறை இழுத்துக்கொள்ளும். ஆகவே முதலாளிகள் முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்துவைத்தார்கள். பவானியிலும் குமாரபாளையத்திலும் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் கீர்ட் டி நீவ், 1999இல் எழுதிய கட்டுரையிலும் 2005இல் வந்த நூலிலும் இந்தப் பாக்கியை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குஜராத்தின் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய யான் பிரெமன் இத்தகைய கடன்களைப் ‘புதுக் கொத்தடிமை’ என்று அழைத்திருந்தார். டி நீவ் அதை மறுக்கவில்லை. ஆனால் குமாரபாளையத்தில் கதை அத்துடன் முடியவில்லை என்றார். முதலாளிகள் ஆளைக் கட்டிப்போடக் கொடுத்த பாக்கியைத் தொழிலாளர்கள் கேட்டு வாங்கும் உரிமையாக மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் கொடுத்தால் மற்றவர் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். பெருந்தொகை வாங்கியவர் இரவோடு இரவாகப் போய்விட்டால், முதலாளியால் செய்யக்கூடியது அதிகமில்லை. 1859 சட்டம் இப்போது இல்லை. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அத்தகைய கடனே செல்லாது. ஆளைப் பிடிக்க வீசிய வலையில் வீசியவரும் சிக்கிக்கொண்டார்.

பதினெட்டாம் நூற்றாண்டு நெசவாளர் இங்கே மறுபடி எழுந்து வந்ததுபோல் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முன்னவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விடுபட்டார். இன்றைய தறித் தொழிலாளி பாக்கியைக் கொண்டு விடுபடுவதில்லை. இன்னொரு பாக்கிக்குள் குடிபோகிறார். அவரால் முதலாளியை மாற்ற முடியும், நிலைமையை மாற்ற முடியாது.

*

இப்போது சீனத்துக்குப் போவோம். ஏறத்தாழ இதே ஆண்டுகளில், அதாவது 1980களிலும் 1990களிலும், அங்கே ஷென்ஜென் போன்ற தென்கடற்கரை நகரங்களில் துணியும் பொம்மையும் மின்கருவியும் செய்யும் தொழிற்சாலைகள் பெருகின. உள்நாட்டு மாகாணங்களின் கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1958இல் வந்த குடிப்பதிவு முறைப்படி அவர்கள் கிராமத்தார். நகரத்தில் வேலை செய்யலாம். ஆனால் நகரத்தின் பள்ளியும் மருத்துவமனையும் வீடும் அவர்களுக்கு உரியவை அல்ல. தற்காலிகமாகத் தங்குவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

அங்கே முன்பணம் எதிர்த்திசையில் ஓடியது. வேலைக்குச் சேரும் பெண், தொழிற்சாலைக்குப் பிணைத்தொகை கட்ட வேண்டியிருந்தது. முதல் மாதக் கூலியை நிறுத்தி வைத்துக்கொள்வார்கள். அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. கட்டுமானத் தொழிலில் வருடக் கூலியே புத்தாண்டு வரும்போதுதான் கைக்கு வரும், வந்தால். நடுவில் விலகினால் கட்டியதும் உழைத்ததும் போயிற்று. நம் ஊரில் தொழிலாளி முதலாளிக்குக் கடன்பட்டுக் கட்டுண்டார். அங்கே முதலாளி தொழிலாளிக்குக் கடன்பட்டே அவரைக் கட்டிவைத்தார்.

திசை ஏன் மாறியது? எளிய விடை, யாருக்குத் தட்டுப்பாடு என்பதே. பள்ளிபாளையத்தில் தறி அதிகம், பழகிய கை குறைவு. அடுத்த தெருவில் இன்னொரு பட்டறை இருந்தது. போவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆகவே முதலாளி பணம் கொடுத்து ஆளைப் பிடித்தார். ஷென்ஜென் வாசலில் கிராமத்து இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களது தங்கும் உரிமையே வேலையோடு பிணைந்திருந்தது. ஆகவே தொழிலாளி பணம் கொடுத்து உள்ளே போனார். முன்பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்தே ஓர் ஊரில் உழைப்பின் பேரம் எப்படி நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

கட்டு என்பது வெறும் கணக்குப் புத்தகத்தோடு நிற்பதில்லை என்பதை 1993 நவம்பர் 19 காட்டியது. ஷென்ஜெனில் ஜிலி என்ற பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. கதவுகள் பூட்டப்பட்டும் சன்னல்கள் கம்பியிடப்பட்டும் இருந்தன. 87 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ எல்லோருமே கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். அடுத்த ஆண்டு சீனத்தின் தொழிலாளர் சட்டம் நிறைவேறி, 1995 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதே 1990களில் சீனத்தின் மறுபுறத்தில் இன்னொரு கதை. அரசுத் தொழிற்சாலைகளில் வேலை என்பது ‘இரும்புச் சோற்றுக் கிண்ணம்’ எனப்பட்டது. கீழே விழுந்தாலும் உடையாது. வீடும் வைத்தியமும் ஓய்வூதியமும் வேலையோடு வந்தன. 1986இல் புதியவர்களுக்கு ஒப்பந்த முறை வந்தது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் 2 கோடிக்கும் மேற்பட்டோர் அந்தக் கிண்ணத்தை இழந்தார்கள். வடகிழக்கின் பழைய தொழில் நகரங்களில் ஓய்வூதியம் கேட்டுத் தெருவில் அமர்ந்த முதியவர்களையும், தெற்கில் கூலி பாக்கி கேட்டு நின்ற இளைஞர்களையும் அருகருகே வைத்து எழுதிய சமூகவியலாளர் சிங் குவான் லீயின் நூல் 2007இல் வந்தது.

2003 அக்டோபரில் சீனப் பிரதமர் வென் ஜியாபாவ் ஒரு மலைக்கிராமத்துக்குச் சென்றிருந்தபோது, கணவருக்கு வரவேண்டிய 2,240 யுவான் கூலி வரவில்லை என்று ஒரு விவசாயப் பெண் அவரிடம் சொன்னார். அன்றிரவே பணம் வந்தது. நாடெங்கும் கூலி பாக்கியை வசூலித்துத் தரும் இயக்கம் தொடங்கியது. ஒரு பிரதமர் தலையிட்டால்தான் ஒரு குடும்பத்தின் கூலி வரும் என்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் தொடர்ந்து சட்டங்களும் வந்தன. 2008 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம், பிணைத்தொகை வாங்குவதையும் அடையாள அட்டையைப் பிடித்துவைப்பதையும் தடை செய்தது. 2011இல், வேண்டுமென்றே கூலி கொடுக்காமல் இருப்பது குற்றவியல் சட்டத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 1859இல் நம் நாட்டில் முன்பணம் வாங்கி ஓடிய தொழிலாளி குற்றவாளி; 2011இல் சீனத்தில் கூலி தராமல் ஓடிய முதலாளி குற்றவாளி. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு நூற்றாண்டைவிட நீண்ட ஏதோ ஒன்று கண்ணில் படுகிறது.

சீனத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. சுதந்திரமான தொழிற்சங்கத்துக்கு அங்கே இடமில்லை. நம் பட்டறைத் தொழிலாளி தீபாவளி போனசுக்காகக் கொடி பிடித்துத் தெருவில் நிற்க முடியும். இங்கே அதற்குத் தடையில்லை. ஆனால் அவர் கையில் எழுத்தில் ஒரு வேலை ஒப்பந்தம் இருப்பது அரிது. இரு நாடுகளிலும் ஏதோ ஒரு பாதி வந்து சேர்ந்தது, மறு பாதி வரவில்லை.

*

கண்ணாடியிலிருந்து திரும்பினால், ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சேலம் உருக்காலையில் நிரந்தர வேலையில் இருந்தவர் எவருக்கும் பாக்கி தேவைப்படவில்லை. அவருக்கு வைப்பு நிதி இருந்தது, மருத்துவ வசதி இருந்தது, பணிக்கொடை இருந்தது. பிள்ளையின் கல்யாணத்துக்கு அவர் தன் வைப்பு நிதியிலிருந்தே கடன் வாங்கினார். அதே கல்யாணத்துக்குத் தறித் தொழிலாளி முதலாளியிடம் பாக்கி ஏற்றினார். ஆகப் பாக்கி என்பது, இல்லாத வைப்பு நிதி, இல்லாத மருத்துவக் காப்பீடு, இல்லாத ஓய்வூதியம். இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒற்றைச் சொல்லில் முதலாளியின் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். சீனத்துக் கிண்ணம் உடைந்தபோது கோடிக்கணக்கானோர் இழந்தது எதுவோ, அது காவிரிக்கரையில் தொடக்கத்திலிருந்தே கொடுக்கப்படவில்லை.

சட்டம் ஏன் அதைக் கொடுக்கவில்லை? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் பொருந்தியது. பட்டறைகள் சிறியவை, பெரியவையும் தாள்களில் சிறியவை ஆகிவிடலாம். அண்ணன் பேரில் நாலு தறி, தம்பி பேரில் நாலு, மருமகள் பேரில் நாலு என்று பிரித்தால் முடிந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இந்தப் பத்து இருபதாக உயர்ந்திருக்கிறது. சமூகப் பாதுகாப்பு அனைவருக்கும் என்கிறது ஒரு தொகுப்பு. தொழிற்சாலை என்ற சொல்லுக்குள் வரும் பட்டறைகளோ இன்னும் குறைகின்றன. எது மெய்யாகும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

அரசு பட்டறைக்கு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2006 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரம் இலவசம். 2016இல் அது 750 ஆயிற்று, 2023இல் 1,000 ஆயிற்று. நூல் விலையும் சந்தையும் ஆட்டிப்படைக்கும் சிறு முதலாளிக்கு இது பெரிய ஆறுதல். அவரும் பல நேரங்களில் வணிகர் தரும் நூலுக்குக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்தான். 2005 ஜனவரி 1 அன்று உலகத் துணி வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிந்தபிறகு போட்டி கடுமையானது. 2008க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளும், 2020இன் ஊரடங்கும் அவரையும் உலுக்கின. நாடா இல்லாத வேகத் தறிகளை வாங்கும் வசதி உள்ளவர் முன்னே போகிறார். ஆனால் இலவச மின்சாரம் தறியைச் சேரும், தறியை ஓட்டுபவரை நேராகச் சேராது.

இதற்கிடையே பாக்கியின் இடத்தை வேறு கடன்கள் பிடித்துக்கொண்டன. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழகம் சட்டம் இயற்றியது. பிறகு நுண்கடன் நிறுவனங்கள் வாரத் தவணையோடு வீட்டு வாசலுக்கு வந்தன. பட்டறை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே இருந்த கணக்கு இப்போது தொழிலாளியின் மனைவிக்கும் தெரியாத ஊரில் இருக்கும் அலுவலகத்துக்கும் இடையே நடக்கிறது. பாக்கிக்கு வட்டியில்லை, இதற்கு உண்டு. பாக்கியைக் கேட்டு முதலாளி வாசலில் நின்று பேரம் பேசலாம். தவணைப் புத்தகத்தோடு பேரம் பேச முடியாது.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் வட்டாரத்திலிருந்து வந்த செய்தியை நண்பர்கள் படித்திருப்பீர்கள். கடன் சுமை தாளாத விசைத்தறித் தொழிலாளர்கள் இடைத்தரகர் மூலம் தங்கள் சிறுநீரகத்தை விற்றதாக வந்த செய்தி அது. மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உறுப்பு விற்பனை குற்றமாகிவிட்டது. இந்த வட்டாரத்திலிருந்து இப்படியொரு செய்தி வருவது இது முதல்முறையும் அன்று.

இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் பார்த்தசாரதியின் நெசவாளரை நினைத்துக்கொண்டேன். தன் உழைப்புக்குப் பிணையாக அவர் முன்பணம் வாங்கினார். பிடிக்கவில்லையெனில் திருப்பிக் கொடுத்தார். பிற்காலத்தவர் உழைப்பையே பிணையாக வைத்தார். உழைப்பு பட்டறையில் நின்றது. இப்போதோ பிணையாக வைப்பதற்கு உடல் மட்டுமே எஞ்சியிருக்கிறது. பாக்கி என்ற சொல்லின் மூலப்பொருள் மிச்சம் என்பது.

இதை வீழ்ச்சியின் நேர்கோடாக வரைந்துவிடவும் நான் விரும்பவில்லை. இதே தெருக்களில் பாக்கி வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் தறிக்கு வருவதில்லை. அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். குடும்ப அட்டையும் வாக்கும் வேறு ஊரில் இருக்க, உழைப்பு மட்டும் இங்கே இருக்கும் அவர்களது நிலை ஷென்ஜெனுக்கு வந்த கிராமத்துப் பெண்களின் நிலையை நினைவூட்டுகிறது. முன்பணம் அவர்கள் விஷயத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாரேனும் கேட்டு எழுத வேண்டும்.

பட்டறைகளில் பாக்கிக்கென்று தனியாக ஒரு நோட்டு உண்டு. நீள வாக்கில் மடித்து, நூல் கட்டி, சாமி படத்துக்குக் கீழே வைத்திருப்பார்கள். தறி விற்றுப் போகும்போது பழைய இரும்பு எடைக்குப் போகிறது. நோட்டும் பழைய தாளோடு போய்விடுகிறது. கம்பெனியின் கணக்குகள் சென்னை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சாட்டர்டனின் அறிக்கைகள் நூலகங்களில் கிடைக்கின்றன. ஐம்பது ஆண்டுக் காலம் ஒரு வட்டாரத்தின் கல்யாணங்களையும் பிரசவங்களையும் சாவுகளையும் தேதியோடு குறித்து வைத்த இந்த நோட்டுகளுக்கு எந்தக் காப்பகமும் இல்லை. குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ உறவுள்ள நண்பர்கள், பட்டறையை மூடும் பெரியவர் எவரையேனும் அறிந்தால், அந்த நோட்டை மட்டுமாவது வாங்கி வையுங்கள்.